தண்ணீர் ஒட்டாத பன்னிரண்டு கண்ணாடிகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பதினோரு நாள் ஒரே சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு போன முட்டாள் நான்தான். வறுமை என்று சொல்ல முடியாது, என்னிடம் மொத்தம் ஆறு சட்டைகள் இருந்தன. காதல் தோல்வி என்றும் சொல்ல முடியாது, அதற்கு முதலில் ஒரு காதல் வேண்டும். அறிவியலுக்காகத்தான் போட்டுக்கொண்டேன். இதைச் சொன்னால் அறிவியலுக்கு அவமானம் என்று தெரிந்துதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. முனைவர் பட்டத்துக்காக ஐந்தாவது வருஷமாகக் கண்ணாடித் துண்டுகளின் மேல் கரி பூசிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரியில் வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கத்தார், "பெங்களூர்ல என்னப்பா பண்ற?" என்று கேட்பார்கள். நான் நானோ துகள், மேற்பரப்பு என்று ஆரம்பிப்பதற்குள் அம்மா குறுக்கே வந்துவிடுவார். "கண்ணுக்கே தெரியாததை அஞ்சு வருசமாத் தேடினு இருக்கான். கெடைச்சா சொல்லுவான், நீங்க காபி குடிங்க." என் ஆராய்ச்சியை இதைவிடச் சுருக்கமாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

உண்மையில் நான் தேடியது எளிமையான ஒன்று. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நம்மிடையே புத்தி சொல்கிற எல்லோருக்கும் தெரியும். ஏன் ஒட்டாது என்பதைத்தான் அப்போது பல நாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இலையைப் பலமடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அதன்மேல் மெழுகு படிந்த குட்டி மேடுகள் தெரியும். அந்த மேடுகளின் மேல் இன்னும் குட்டி மேடுகள். துளிக்கு அங்கே உட்கார இடமில்லை, இடுக்கெல்லாம் காற்று. ஆணிப் படுக்கையில் கிடக்கிற சாமியார் மாதிரி உச்சிகளின் மேலேயே கிடந்து, இலை கொஞ்சம் சாய்ந்ததும் வழியில் இருக்கிற தூசியையும் வாரிக்கொண்டு உருண்டு போய்விடும். அதே மாதிரி மேடுகளை ஒரு கண்ணாடியின் மேல் நாமே உண்டாக்க வேண்டும். மழையில் துடைக்க வேண்டாத கண்ணாடி, தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் சுவர் என்றெல்லாம் விண்ணப்பங்களில் எழுதுவோம். படிக்க நன்றாக இருக்கும்.

என் வழி இது: மிக நுண்ணிய கரித் துகளைப் பிசினும் கரைப்பானும் சேர்ந்த திரவத்தில் கலக்கி, கண்ணாடித் துண்டை அதில் முக்கி எடுத்து, ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டு உலர்த்துவது. பூச்சின் மேல் தூசி விழுந்தால் எல்லாம் வீண். அதனால் பூசிய பக்கம் தரையைப் பார்க்கும்படி ஒரு கம்பித் தாங்கியில் வரிசையாகப் படுக்க வைப்பேன். நான் குடியிருந்த அடுகோடியில், வீட்டுக்கு எதிரே இருந்த பட்டறையில் சொல்லிச் செய்த தாங்கி அது. பற்றவைத்துக் கொடுத்தவர், "மீன் சுடவா சார்?" என்று கேட்டார். ஐந்து வருஷத்தில் மீனாவது சுட்டிருக்கலாம்.

உலர்ந்ததும் ஊசியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னத் தொலைநோக்கி வழியாகப் பார்த்து, துளியின் விளிம்பு கண்ணாடியைத் தொடுகிற கோணத்தை அளக்க வேண்டும். கோணம் கூடக் கூடத் துளி உருண்டையாகும். நூற்றைம்பது பாகையைத் தாண்டினால் தாமரை இலைக்குப் பக்கத்து வீடு. என்னுடையது நூற்றுப்பத்தைச் சுற்றியே வந்தது. நூற்றுப்பத்தில் துளி எப்படி இருக்கும் என்றால், இட்லி மாதிரி இருக்கும். எங்களுக்கு வேண்டியது சீடை.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் வழிகாட்டிக்கும். எல்லோருக்கும் அவர் மேடம். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். மூன்று தலைமுறைக்கு முன்னால் மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்காக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். ஆரம்பித்தால்தான். ஊசியில் தண்ணீர் ஏற்றிச் சொட்டுச் சொட்டாக விடுகிற பழக்கம் அவர் பேச்சுக்கும் வந்துவிட்டிருந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் ஒருநாள் என் நோட்டைப் புரட்டினார்.

"நூத்திப்பத்து. நூத்திப்பன்னெண்டு. நூத்தியொம்போது. ஏனப்பா இது, மாம்பலம் பஸ் நம்பரா?"

"இம்ப்ரூவ் ஆயிட்டிருக்கு, மேடம்."

"எங்கே?"

அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அங்கேயும் நூற்றுப்பத்து.

"தீபாவளிக்குள்ள நூத்தைம்பது வரலைன்னா டாபிக் மாத்திடலாம். அஷ்டே."

அஷ்டே என்றால் அவ்வளவுதான் என்று அர்த்தம். ஐந்து வருஷம் கழித்துத் தலைப்பை மாற்றினால், அடுத்த தலைப்பு முடியும்போது எனக்கு முடி இருக்குமா என்பதே சந்தேகம்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கூடத்தில் அது பெரிய விசேஷம். அதற்கு அதிகாரி, எங்கள் ஆராய்ச்சிக்கூட உதவியாளர். அடுகோடியிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், பம்ப்பு பழுதானால் திட்டுவதற்கு உருது. எனக்கு அவர் அண்ணா. அவருக்கு நான் டாக்டர் சார். பட்டம் வாங்காத ஆளை அப்படிக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு தனிச் சுகம். பூஜையன்று அவர் எல்லாக் கருவிகளையும் துடைத்து, செவ்வந்திச் சரம் போட்டு, குங்குமம் வைப்பார். வெற்றிடப் பம்ப்புக்கு மூன்று பட்டை விபூதி. வாசலில் பூசணிக்காய் உடைத்து எல்லோருக்கும் பொரி. மேடம் விதித்திருந்த ஒரே நிபந்தனை, லென்ஸ் மேல் குங்குமம் கூடாது என்பதுதான்.

நான் பூஜைக்கு இருக்கவில்லை. அன்று காலையில் பன்னிரண்டு கண்ணாடிகளை முக்கி எடுத்துத் தாங்கியில் படுக்க வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். அத்திபெலே எல்லைச் சாவடியில், எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பிய லாரிகளெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, மாநிலத்தைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு நாள் சுண்டல் தின்றுவிட்டு, போன சட்டையோடு திரும்பி வந்தேன்.

வந்து முதல் கண்ணாடியை எடுத்து ஒரு சொட்டு வைத்தேன். சொட்டு நிற்கவில்லை. உருண்டு போய் என் மடியில் விழுந்தது. கை நடுங்கிவிட்டது என்று நினைத்து இன்னொன்று வைத்தேன். அதுவும் ஓடிப்போயிற்று. கண்ணாடியை மட்டம் பார்த்து வைத்து, மூன்றாவது சொட்டை மூச்சுவிடாமல் இறக்கி, செவ்வந்திச் சரத்தை விலக்கிவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தால், சீடை. சுத்தமான சீடை. நூற்றைம்பத்தாறு பாகை. பன்னிரண்டையும் பார்த்தேன். பன்னிரண்டும் அப்படியே.

மேடத்தைக் கூட்டிவந்தேன். அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரிப்பீட் ஆகுதா?"

"பன்னெண்டு, மேடம். பன்னெண்டும் ஒரே மாதிரி."

பன்னிரண்டு தடவை செய்து பார்த்ததாக அவர் எடுத்துக்கொண்டார். அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒரே தடவை முக்கியதுதான், கண்ணாடிதான் பன்னிரண்டு என்று நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. சந்தோஷத்தில் இருப்பவனுக்குச் சில வாக்கியங்கள் நாக்கில் வராது. தவிர, மேடம் சிரித்தார். ஐந்து வருஷத்தில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

"எழுதலாம்," என்றார்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்தோம். கரி உருண்டைகள் திராட்சைக் குலை மாதிரி அடுக்கடுக்காக நின்றன. மேடம் கட்டுரையை எழுத உட்கார்ந்தார். அவர் முடிப்பதற்குள் இன்னும் இரண்டு முறை செய்துவிட்டால் என் அரைப் பொய் முழு உண்மையாகிவிடும் என்று நான் கரியைக் கலக்கினேன். நூற்றுப்பதினொன்று. இட்லி.

மறுபடியும் முக்கினேன். இட்லி. புட்டியை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், அன்று போலவே காலை ஏழரைக்கு வந்து முக்கினேன். இட்லி, இட்லி, இட்லி. நல்ல சோதனை என்றால் எந்த ஒன்றையும் மாறவிடக் கூடாது என்பது பாடம். எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்தபோது மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். அன்று நான் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. அதில் ஏதோ எண்ணெயோ, வியர்வையோ, அம்மா போட்ட நீலமோ காற்றில் கலந்து வேலை செய்கிறது என்று ஒரு கருதுகோள் வகுத்தேன். நோட்டில் அதை ஆங்கிலத்தில் எழுதியபோது மிகவும் கண்ணியமாக இருந்தது.

அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பனுக்கு அந்தக் கண்ணியம் புரியவில்லை. அவன் வாணியம்பாடிக்காரன், எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை.

"மச்சி, எதுக்குடா தண்ணி ஒட்டாத கண்ணாடி தேடி அலையிற? உன் சட்டையை வெட்டி ஒட்டுடா. அதுல தண்ணி என்ன, சோப்பே ஒட்டாது."

"இது எக்ஸ்பெரிமென்ட்டுடா. துவைச்சா கண்டிஷன் மாறிடும்."

"இப்ப என் கண்டிஷன் மாறிட்டிருக்கு. ஜன்னலையாவது தொற."

அந்தச் சட்டையின் பதினோராம் நாள் மத்தியானம் மேடம் கூப்பிட்டார். மேஜைமேல் தடித்த பழுப்புக் கவர். உள்ளே கட்டுரை மூன்று பிரதிகள், படங்கள். வெளிநாட்டு ஆய்விதழின் முகவரியை அவரே கைப்பட எழுதியிருந்தார். முதல் பக்கத்தைக் காட்டினார். என் பெயர் முதலில் இருந்தது, அவர் பெயர் அதற்குக் கீழே.

"ஆறு மணிக்குள்ள கூரியர்ல போட்டுடு."

"மேடம், இன்னொரு தடவை பாத்துட்டு அனுப்பலாமான்னு..."

"ஏன்?"

"ஒண்ணுமில்ல, மேடம்."

கவரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். காலையில் முக்கிய கண்ணாடிகள் உலர்ந்திருந்தன. இதுதான் கடைசி. இது வந்துவிட்டால் நான் சொன்னது பொய் இல்லை. சொட்டு வைத்தேன். நூற்றொன்பது.

அண்ணா பம்ப்புக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா டாக்டர் சார், அழுவுறீங்களா?"

"கரித்தூள் கண்ல பட்டுடுச்சு, அண்ணா."

"கரித்தூளா, சட்டை நாத்தமா? பத்து நாளா நானும் பாக்குறேன், மரியாதைக்குக் கேக்காம இருக்கேன். வேற சட்டை இல்லியா?"

சொன்னேன். சட்டையின் கருதுகோளை முழுதாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அய்யோ சுவாமி! இம்மாம் படிச்சிட்டு சட்டையில இருக்குதுன்னு நெனச்சீங்களா? பூஜையில இருக்குது சார்."

"என்ன பூஜையில?"

"அன்னிக்கு சாயங்காலம் எல்லா மிஷினுக்கும் ஒரு சுத்து கர்ப்பூரம் காட்டினேன். உங்க ஸ்டாண்டு கிட்ட வந்ததும் மனசு கேக்கல. பாவம், அஞ்சு வருசமா இந்த ஆளு கரியில பொரளுறாரேன்னு ரெண்டு கட்டி எக்ஸ்ட்ரா போட்டேன். தட்டை அடியில புடிச்சு, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், அணையுற மட்டும் காட்டினேன்."

"அடியிலயா? ஏன் அடியில?"

"பின்ன? உங்க கண்ணாடிக்கு மூஞ்சி கீழதான பாத்துனு இருந்துச்சு? சாமிக்கு முதுகுலயா காட்டுவாங்க?"

நான் குனிந்து தாங்கியின் அடியைப் பார்த்தேன். கரைப்பான் முழுக்க உலர்ந்திருந்ததால் கூடம் தீப்பிடிக்காமல் தப்பியது என்பதுகூட மெதுவாகத்தான் உறைத்தது.

"அண்ணா, அந்தக் கர்ப்பூரம் மிச்சம் இருக்கா?"

மேஜை இழுப்பறையில் ஒரு பாக்கெட் இருந்தது. அதோடு, எதுவுமே பூசாத புதுக் கண்ணாடி ஒன்றையும் எடுத்துக்கொண்டு பின்பக்க வராந்தாவுக்குப் போனோம். அண்ணா தட்டில் இரண்டு கட்டி வைத்துக் கொளுத்தினார். நான் கண்ணாடியை இடுக்கியால் பிடித்து அதன்மேல் காட்டினேன். கறுப்பு மை படிந்தது. ஆறவிட்டு ஒரு சொட்டு வைத்தேன். ஓடியது. துரத்துகிற மாதிரி ஓடியது.

அண்ணா கைகூப்பினார். நான் வராந்தாப் படியில் உட்கார்ந்தேன்.

கர்ப்பூரப் புகைக்கரியை யாரும் பிசினில் கலக்கவில்லை. அது தானாக, பூப்பூவாக, தாமரை இலையின் மேடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. என் கரி சாம்பாரில் ஊறிய வடை மாதிரி பிசினுக்குள் முங்கிக் கிடந்தது. கரியின் மேல் கரி படிந்ததால் கண்ணுக்கும் தெரியவில்லை, நுண்ணோக்கிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் மெய்மறந்து பார்த்த திராட்சைக் குலை, அண்ணா காட்டிய தீபாராதனை. அந்தப் பன்னிரண்டு கண்ணாடிகளில் என் ஐந்து வருஷத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன், மை விரலோடு வந்துவிட்டது.

"அண்ணா, இந்தக் கவரை அனுப்பக் கூடாது."

"ஏன் சார்? தண்ணி ஓடுதில்ல?"

"ஓடுது. ஆனா ஏன் ஓடுதுன்னு இதுல எழுதியிருக்கிறது தப்பு."

"சாமி குடுத்ததை வாணாம்னு சொல்றீங்க." கொஞ்சம் யோசித்தார். "சரி, அப்ப நெஜத்தை எழுதுங்க. அதுல என் பேரும் வருமா?"

மணி ஐந்தேகால். கூரியர் கடை கேட்டுக்கு வெளியிலேயே இருந்தது. நான் ஒன்றும் உத்தமன் இல்லை. அந்தப் படியில் உட்கார்ந்து கணிசமான நேரம் அந்தக் கடையைப் பற்றித்தான் யோசித்தேன். போட்டுவிட்டால் பட்டம் வரும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணாவுக்குத் தெரியும், ஆனால் அவர் அதைச் சாமியின் செயல் என்றுதான் உலகத்துக்குச் சொல்வார். அப்புறம்தான் இன்னொரு ஆள் நினைவுக்கு வந்தான். எங்கோ ஒரு குளிர்தேசத்தில் ஐந்தாவது வருஷத்தில் இருக்கிற ஒருத்தன். எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, எங்கள் அளவிலேயே கரியும் பிசினும் கலந்து, முக்கி முக்கி எடுத்து, வராமல், புட்டியை மாற்றி, தண்ணீரை மாற்றி, கடைசியில் அவனும் ஒரு சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு நிற்பான். அந்த முகம் தெரியாதவன்மேல் எனக்கு வந்த பரிதாபம் என்மேல்கூட எனக்கு வந்ததில்லை. அவன் தலைவிதியையும் அந்தப் பழுப்புக் கவரில் என் மேடம் கைப்பட எழுதியிருந்தார், பாவம், தெரியாமல்.

கவர், ஊசி, இன்னொரு தடவை கர்ப்பூரம் காட்டி மை படிய வைத்த கண்ணாடி, மூன்றையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியமாகக் கட்டி வைத்திருந்தேன். கதவைத் திறந்ததும் எல்லாம் தலைகீழாக வந்தது.

மேடம் சிவப்புப் பேனாவோடு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"சட்டையில ஒண்ணுமில்ல, மேடம்," என்று ஆரம்பித்தேன்.

"என்ன சட்டை?"

சட்டையிலிருந்து கரிக்கும், கரியிலிருந்து பூஜைக்கும், பூஜையிலிருந்து திரும்பச் சட்டைக்கும் போய்விட்டு, ஒருவழியாக விஷயத்துக்கு வந்தேன். அண்ணா அடியில் தட்டைப் பிடித்ததைச் சொன்னபோது அவர் பேனாவுக்கு மூடி போட்டார். ஆனால் முக்கியமானது இன்னும் பாக்கி இருந்தது.

"ரிப்பீட் ஆகுதான்னு கேட்டீங்க, மேடம். பன்னெண்டு தடவை பண்ணல. ஒரே தடவைதான். கண்ணாடிதான் பன்னெண்டு. நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவரைத் தன் பக்கம் இழுத்து, தான் எழுதிய முகவரியை ஒருமுறை படித்துவிட்டு, இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கையை நீட்டினார். கண்ணாடியைக் கொடுத்தேன், ஊசியையும் கொடுத்தேன்.

ஒரு சொட்டு வைத்தார். கண்ணாடியை இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தார், துளி இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் போனது. மேஜையில் கிடந்த சாக்பீஸ் தூளை விரல் நுனியில் எடுத்து மேலே தூவினார். துளி அதன்மேல் உருண்டு போய், வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, போன வழியைச் சுத்தமாக விட்டுவிட்டு விளிம்பில் நின்றது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து, கிளம்பாமல், மறுபடி உதைத்தார்கள். எனக்கு நிற்கவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை.

"தீபாவளி வரைக்கும் வேண்டாம், மேடம்," என்றேன். "டாபிக்கை இன்னைக்கே மாத்தினாலும் எனக்குச் சரிதான். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

அவர் துளியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"கர்ப்பூரம் எந்தக் கம்பெனி?"